கைமாறி வரும் நான்கடி பவளத் தொட்டி ‘ஃபுல் செட்’: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கரோசெல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் ‘4 அடி மரீன் டேங்க், ஃபுல் செட், வீடு மாறுவதால் விற்பனை’ என்ற விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். தொட்டி, அலமாரி, சம்ப் (அலமாரிக்குள் வைக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி), பம்ப், விளக்கு, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), சில நேரம் உள்ளே இருக்கும் கல்லும் மீனும் சேர்த்து 800 முதல் 1,500 வெள்ளி வரை சொல்வார்கள். இதே சாமான்களைப் புதிதாக வாங்கினால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். சிக்கனமாகப் பெரிய பவளத் தொட்டி வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். அதனால் இந்த ‘ஃபுல் செட்’டையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, அதில் எது தேறும், எது தேறாது என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்ணாடிக்கும் சில்லருக்கும் காசு கொடுங்கள். மற்றதெல்லாம் சும்மா வந்தால் வரட்டும். விற்பவர் விளக்கைப் பற்றியும் ஸ்கிம்மரின் பிராண்டைப் பற்றியும்தான் அதிகம் பேசுவார். சிங்கப்பூரின் சூட்டில் தொட்டியின் பட்ஜெட்டைத் தீர்மானிப்பது அவை அல்ல.

கண்ணாடியும் எடையும்

நான்கடி என்றால் வழக்கமாக 120 × 60 × 60 செண்டிமீட்டர். வெளி அளவில் 432 லிட்டர். கண்ணாடித் தடிப்பையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 380 லிட்டர் அளவில் நிற்கும். சம்ப்பில் இன்னொரு 80, 90 லிட்டர். கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்து, மொத்தத்தை 450 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் சுலபம்.

கண்ணாடி 12 மில்லிமீட்டராக இருந்தால் எடுங்கள். 10 மில்லிமீட்டர் என்றால், மேல் விளிம்பைச் சுற்றிப் பட்டை ஒட்டியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். 12 மில்லிமீட்டர் தொட்டி காலியாகவே 90 கிலோவை ஒட்டி இருக்கும். நான்கு பேர் இல்லாமல் லாரிக்காரரைக் கூப்பிட வேண்டாம்.

தொட்டி தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். பல மாதம் காய்ந்து கிடந்த தொட்டி, தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கசிவைக் காட்டும். மூலைகளில் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால், சிலிகான் கண்ணாடியை விட்டுப் பிரிந்த இடம் வெள்ளியாக மினுக்கும். ஓரத்தில் பாசி உள்ளே புகுந்திருந்தால் அந்த இணைப்புக்கு ஆயுள் இல்லை. உள்பக்கத்து மெல்லிய சிலிகான் பட்டை உரிந்திருப்பது பெரிய விஷயம் இல்லை, மறுபடி பூசிக்கொள்ளலாம். இரு கண்ணாடிகளுக்கு இடையே இருக்கும் சிலிகானில் நீளமான குமிழ் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. தண்ணீர், கண்ணாடி, அலமாரி, கல், சம்ப் எல்லாம் சேர்த்து இந்தத் தொட்டி 700 கிலோவை நெருங்கும், உட்காரும் பரப்போ 0.72 சதுர மீட்டர். 150 கிலோ என்பது அறை முழுக்கப் பரவிய பாரத்துக்கான அளவு என்பது உண்மைதான். ஆனாலும் ஹாலின் நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பாரம் தாங்கும் சுவரை ஒட்டி, விட்டத்தின் மேல் வருமாறு வைக்க வேண்டும். எந்தச் சுவர் பாரம் தாங்குவது என்று வரைபடத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால், பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்பது கீழ்வீட்டுக்காரருக்கும் நல்லது. ஐந்தடி, ஆறடி என்றால் கேட்காமல் வைக்கவே கூடாது.

அலமாரியைக் குனிந்து, அடிப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டுப்பலகை உப்புத் தண்ணீர் பட்டால் ஊதும். அடிப்பலகை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் அலமாரிக்குப் பூஜ்யம் வெள்ளி. அலுமினியச் சட்டமோ இரும்புச் சட்டமோ இருந்தால் நல்லது.

சில்லர்: பேரம் இங்கேதான்

சிங்கப்பூரில் குளிர்சாதனம் போடாத ஹால் 29, 30 டிகிரியில் இருக்கும். பம்புகளின் சூடும் விளக்கின் சூடும் சேர்ந்து தொட்டியை 31 வரை தள்ளும். பவளத்துக்கு 25 முதல் 27 வரை சுகம். இந்த ஊர்க் கடலே 29, 30 டிகிரிதானே, அதில் பவளம் வளரவில்லையா என்று கேட்கலாம். வளர்கிறது. ஆனால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சற்றுக் கூடுதலாகச் சூடானபோது சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றிய பவளங்கள் வெளுத்தன. அந்த எல்லையிலேயே தொட்டியை ஆண்டு முழுக்க வைத்திருந்தால், ஒரு பம்ப் நின்றாலே எல்லாம் போய்விடும்.

மின்விசிறி போதாதா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தை எடுத்துச் செல்லும். விசிறி வைத்து நாளுக்கு 5 லிட்டர் கூடுதலாக ஆவியாக்கினால், சராசரியாக 140 வாட் வெப்பம் வெளியேறுகிறது. தொட்டியின் பம்புகள் எல்லாம் சேர்ந்து உள்ளே விடும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக விசிறி பம்பின் சூட்டைக் கழித்து, தண்ணீரை அறையின் வெப்பத்துக்கோ அதற்கு ஒரு டிகிரி கீழோ கொண்டுவரும். இந்த ஊர் ஈரப்பதத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. காளான் பவளம், லெதர், ஸோவாந்தஸ் போன்ற மென்மையான வகைகளை மட்டும் வைப்பவர்கள் 28, 29 டிகிரியில் விசிறியோடு சமாளிக்கலாம். ஹாமர், டார்ச், அக்ரோபோரா போன்ற கல் பவளங்களுக்குக் கை நீண்டால் சில்லர் வேண்டும்.

450 லிட்டருக்கு அரை எச்பி (குதிரைத்திறன்) சில்லர்தான் சரி. ஹைலியா எச்சி-500ஏ போன்றவை இந்த வகை. செட்டோடு கால் எச்பி வந்தால் அதைச் சில்லர் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அது நாள் முழுக்க நிற்காமல் ஓடும், மதியம் தோற்கும், கம்ப்ரெஸர் சீக்கிரம் போகும்.

பழைய சில்லரைச் சோதிக்க 60 லிட்டர் டிரம் ஒன்று போதும். தண்ணீர் நிரப்பி, சிறிய பம்ப் ஒன்றை இணைத்து, வெப்பநிலையைத் தண்ணீரைவிட 5 டிகிரி கீழே வைத்து ஓடவிடுங்கள். கம்ப்ரெஸர் உடனே எழாது, சில நிமிடம் காத்திருந்துதான் தொடங்கும். தொடங்கியதிலிருந்து கால் மணி நேரத்தில், ஆரோக்கியமான அரை எச்பி சில்லர் அந்த டிரம்மை 2 டிகிரியாவது இறக்க வேண்டும். அளவுக்குத் தனி வெப்பமானியை வையுங்கள், சில்லரின் திரையை நம்ப வேண்டாம். இறங்காவிட்டால் முதலில் பின்பக்கத் தகடுகளைப் பாருங்கள். பூனைமுடியும் தூசியும் அடைத்திருந்தால் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். தகடு சுத்தமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் கேஸ் போயிருக்கும். அதைச் சரிசெய்யும் கூலியைச் சேர்த்தால் புதிதின் விலையை நெருங்கிவிடும்.

சில்லரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டோடு, தான் இழுக்கும் 400 வாட்டையும் சேர்த்து அது வெளியே தள்ளுகிறது. அடைத்த இடத்தில் அதே சூடான காற்றையே மறுபடி இழுத்து, ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றி ஓர் அடி இடம் விட்டு வெளியே வையுங்கள். குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால், ஒரே சூட்டை வெளியேற்ற இரண்டு இயந்திரத்துக்கு மின்கட்டணம் கட்டுகிறீர்கள்.

பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர், விளக்கு

சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்புக்கு ஜேபாவ் போன்ற சீனத் தயாரிப்பு டிசி பம்புகளே போதும். பெயரில் இருக்கும் எண் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது, ஆனால் தண்ணீரை உயரத்துக்குத் தூக்காத நிலையில். ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரம் ஏற்றும்போது பாதியை ஒட்டித்தான் வரும். 450 லிட்டருக்கு மணிக்கு 2,000 முதல் 3,000 லிட்டர் உண்மையில் மேலே வந்தால் நல்லது, ஆக 6,500 வகை சரி. பழைய பம்பைக் கழற்றி, உள்ளே சுழலும் இம்பெல்லரின் பீங்கான் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அது அடுத்த சுத்தம் செய்யும்போது இரண்டாகும். கண்ட்ரோலரைச் சம்ப்புக்கு நேர் மேலே மாட்டியிருந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அதை அலமாரிக்கு வெளியே கொண்டுவாருங்கள்.

தொட்டிக்குள் அலை எழுப்பும் வேவ்மேக்கரில் தண்ணீருக்குள் இருக்கும் காந்தப் பகுதியை விரலால் தடவுங்கள். மேல்பூச்சு ஊதியிருந்தாலோ துருக்கோடு தெரிந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். துருப்பிடித்த காந்தம் உலோகத்தைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே இருக்கும். பவளம் ஏன் சுருங்குகிறது என்று மாதக்கணக்கில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்கிம்மர் பழையதே போதும், வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் புதுசாகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

விளக்கில் ஏமாறுபவர்கள் அதிகம். 54 வாட் டி5 குழாய் ஆறு உள்ள விளக்கு பிரமாதமான விளக்குதான், நிழலே விழாது. ஆனால் 324 வாட், ஆண்டுக்கொரு முறை ஆறு குழாய்களையும் மாற்ற வேண்டும், அதன் சூடும் சில்லரின் தலையில் விழும். மொத்தம் 200 வாட்டுக்குள் இரண்டு எல்இடி போதும். நூப்சைக் போன்ற விலை குறைந்தவை சாஃப்ட் கோரல் என்ற மென் பவளத்துக்கும், எல்பிஎஸ் என்ற பெரிய பாலிப் கல் பவளத்துக்கும் தாராளம். வெள்ளையைக் குறைத்து நீலத்தைக் கூட்டி, எட்டு மணி நேரம் எரியவிடுங்கள்.

கல்லும் மணலும்

செட்டோடு வரும் மணலை வாங்கவே வாங்காதீர்கள். பல ஆண்டு கிடந்த மணலைக் கிளறினால் அடியில் சேர்ந்த அழுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளியே வரும். முட்டை அழுகிய வாடை அடித்தால் அதுதான். புது ஆரகோனைட் மணல் 20 கிலோ வாங்கினால் இரண்டு செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விரிக்கலாம், அது போதும்.

கல்லைப் பற்றி விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தொட்டியில் எப்போதாவது மீனுக்குத் தாமிர மருந்து போட்டீர்களா? போட்டிருந்தால் கல் வேண்டாம். சுண்ணாம்புக் கல் தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும், இறாலும் நத்தையும் பவளமும் அதைத் தாங்காது.

தாமிரம் இல்லை என்றால் கல்லை மலிவாக எடுக்கலாம், 30 முதல் 40 கிலோ வரை. ஆனால் அதற்குள் பாஸ்பேட் ஊறியிருக்கும். சுத்தமான உப்புநீரில் ஒரு கல்லை ஒரு வாரம் ஊறவைத்து, பாஸ்பேட் பாருங்கள். 0.1 பிபிஎம்முக்கு மேல் ஏறியிருந்தால், அப்படியே தொட்டியில் போட்டால் பச்சை முடிப்பாசி உறுதி. கல்லை உயிரற்றதாக்கித் தொடங்குவதே நிம்மதி. வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சை ஒன்றுக்குப் பத்து என்று தண்ணீரில் கலந்து, சில நாள் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கும் மருந்து போட்ட தண்ணீரில் மறுபடி ஊறவைத்து, வெயிலில் காயவிடலாம். அய்ப்டேசியா என்ற தொல்லை தரும் சிறு கடல் அனிமோன், குமிழ்ப்பாசி எல்லாம் இதிலேயே ஒழியும். பிளீச் இருக்கும் வாளியில் எந்த அமிலத்தையும், வினிகரைக்கூட ஊற்றக் கூடாது, நச்சு வாயு வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பாலிதோவா, ஸோவாந்தஸ் வகைப் பவளங்கள் ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிக்கவைக்கவோ, வெந்நீர் ஊற்றவோ, உலர்த்தித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். அவற்றில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நச்சைக் கொண்டவை. ஆவியாகவோ துளியாகவோ மூச்சில் போனால் வீட்டில் இருக்கும் எல்லோரும் மருத்துவமனைக்குப் போக நேரிடும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு, தண்ணீருக்குள் வைத்தே எடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் கல் பொறுக்கி வரலாமே என்று நினைக்க வேண்டாம். கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. இந்தோனேசியாவின் பாத்தாமில் மலிவாகக் கிடைத்தாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம். சிராங்கூன் நார்த், கிளமெண்டி பக்கத்துக் கடைகளில் பவளத் துண்டு வாங்குவதும், வளர்ப்பவர்கள் வெட்டித் தரும் துண்டை வாங்குவதும்தான் வழி.

தண்ணீர்

குழாய்நீரைக் கிருமிநீக்க இங்கே குளோரமைன் சேர்க்கப்படுகிறது. இது குளோரின் மாதிரி ஒரு நாள் வைத்தால் பறந்துபோகாது. கரி வடிகட்டி அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும், அதை ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வும் டிஐ (அயனி நீக்கும்) ரெசினும் பிடிக்க வேண்டும். ஆகவே இரண்டு கரி வடிகட்டியும் கடைசியில் டிஐயும் உள்ள ஆர்ஓ டிஐ வடிகட்டி வேண்டும். குடிநீருக்கு விற்கும் மூன்றடுக்கு வடிகட்டி இதற்கு உதவாது. கடைசியில் வரும் நீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். உயர்ந்த மாடிகளில் அழுத்தம் 3 பாருக்குக் கீழே இருந்தால் பூஸ்டர் பம்ப் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கழிவுநீர்தான் அதிகம் போகும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு கழிவு என்று வைத்தாலும், 450 லிட்டருக்கு 2.25 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி என்ற கணக்கில் ஏழெட்டு வெள்ளிதான்.

உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம். முதல் நிரப்பலுக்கு 17 கிலோ வரை ஆகும், 22 கிலோ வாளி ஒன்று போதும். விலை உயர்ந்த ‘புரோ’ உப்பு புதுத் தொட்டிக்குத் தேவையே இல்லை. லாரியில் வரும் இயற்கைக் கடல்நீரையும் சிலர் வாங்குகிறார்கள். வசதிதான், ஆனால் உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றாதீர்கள், இந்தப் பக்கத்துக் கடல் பவளத்தொட்டிக்கு வேண்டிய ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவைவிட இறங்கியே இருக்கும். நீங்களே கரையில் போய் அள்ளுவது வேண்டாம். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நடந்த கப்பல் மோதலில் கசிந்த எண்ணெய் செந்தோசாவையும் ஈஸ்ட் கோஸ்ட்டையும் எட்டியது நினைவிருக்கும்.

ஆவியாகும் தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்த நீரை வைத்திருக்கும் டப்பாவுக்கு மூடி கட்டாயம். தேங்கி நிற்கும் நன்னீர், ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? அதில் கொசுப்புழுவைச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கண்டால் 200 வெள்ளி அபராதம்.

பிறகு காரத்தன்மை குறையத் தொடங்கும்போது கடைப் புட்டிகளைத் தேட வேண்டாம். 450 லிட்டரில் ஒரு டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) உயர்த்த 13.5 கிராம் சமையல் சோடா போதும். ஆப்பத்துக்குப் போடும் அதே சோடாதான், பேக்கிங் பவுடர் அல்ல. ஒரு நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

மின்சாரம் நின்றால்

தொட்டியின் மேற்பரப்பு 0.72 சதுர மீட்டர். தண்ணீர் ஒரு செண்டிமீட்டர் இறங்கினால் 7.2 லிட்டர் சம்ப்புக்குப் போகும். ரிட்டர்ன் குழாயின் வாய் 5 செண்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர், குழாயில் இருப்பது தனி. சம்ப்பில் அவ்வளவு வெற்றிடம் இல்லாவிட்டால் ஹால் தரையில்தான் மீதி. நிரப்பிய முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். குழாயின் வாயை மேற்பரப்புக்கு ஓரிரு செண்டிமீட்டர் கீழே நிற்குமாறு உயர்த்திவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீரும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை நம்பாதீர்கள், ஒரு நத்தை உட்கார்ந்தால் போதும், அது மூடாது.

ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் துளி கீழே சொட்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உயிரைக் காக்கும், ஆனால் சமையலறைக் கெட்டிலில் மின்சாரம் கசிந்தாலும் வீடு முழுக்க அணைத்துவிடும். எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில் தொட்டி அழிய அதுவே போதும். மின்சாரம் போனால் தானாக எழும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று அவசியம்.

மாதச் செலவையும் வாங்கும் முன்பே போட்டுப் பாருங்கள். பம்பும் ஸ்கிம்மரும் வேவ்மேக்கரும் 125 வாட், நாளுக்கு 3 யூனிட். விளக்கு 1.6. சில்லர் எட்டு மணி நேரம் ஓடினால் 3.2. மொத்தம் 7.8 யூனிட், மாதத்துக்கு 234. யூனிட் 30 காசு என்று வைத்தால் 70 வெள்ளி. சில்லரை 25-க்குப் பதில் 27-இல் வைத்தால் அதன் ஓட்டம் நன்றாகவே குறையும், பவளத்துக்கும் பாதகம் இல்லை.

இந்த 70 வெள்ளி உறுத்தினால், நான்கடியை விட்டு இரண்டரை அடிக்குப் போவது நல்லது. உறுத்தாவிட்டால் செட்டைப் பார்க்கப் போகும்போது டிரம், சிறு பம்ப், வெப்பமானி மூன்றையும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். சில்லர் தேறி, கண்ணாடியும் 12 மில்லிமீட்டராக இருந்தால் 1,000 வெள்ளி வரை கொடுக்கலாம். சில்லர் தேறவில்லை என்றால் 400-க்கு மேல் பேச வேண்டாம், உள்ளே எத்தனை நீமோ நீந்தினாலும் சரி.